புரிஞ்சுது சார்!

சாப்பாட்டு மேஜையில் விளையாட்டாக விழுந்த சவால், இன்றைக்குக் காலையில் விளையாட்டாக இல்லை.

"அந்த ரிமோட்டையெல்லாம் எடுத்துக்கிட்டு என் கிளாஸுக்கு வா. எம் பசங்க கையில குடு. அப்புறம் பேசலாம்" என்று அண்ணன் போன வாரம் சொன்னபோது வீடே சிரித்தது. சிரிக்காதவள் வாலு ஒருத்திதான். மறுநாளே கல்லூரி முதல்வரிடம் போய் அனுமதி வாங்கிவிட்டாள். வாங்கியதோடு விட்டாளா? "நீங்களும் வந்து பாருங்க சார்" என்று அவரையும் அழைத்துவிட்டாள்.

வாலு என்பது தங்கைக்கு அண்ணன் வைத்த பெயர். சின்ன வயதில் அவர் போகும் இடமெல்லாம் பின்னாலேயே ஓடியவள். இப்போதும் பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. அவர் இயற்பியல் நடத்தும் அதே கல்லூரியில், அதே துறையில் தற்காலிக ஆசிரியை. குடியிருப்பது அவர் வீட்டு மாடியில். வேறு ஊரில் இருந்த நிரந்தர வேலையை ஏன் விட்டாய் என்று கேட்டால், "அங்க பசங்க தூங்கினாங்க, நான் பேசினேன். பேசிப் பேசி எனக்கே தூக்கம் வந்துடுச்சு" என்பாள்.

அண்ணனுக்குக் கல்லூரியில் 'இடி' என்று பெயர். மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரை குரல் போகும். அவர் பாடம் ஆரம்பித்தால் பக்கத்து வகுப்பு ஆசிரியர் கதவைச் சாத்துவார். கொஞ்ச நேரத்தில் அவரே மெதுவாகத் திறந்துவைத்துக் கேட்பார். அப்படிப்பட்ட பேச்சு.

அந்த மனிதரின் வகுப்பில்தான் வாலு இன்றைக்குப் பெட்டியைத் திறக்கப் போகிறாள்.

பெட்டிக்குள் வரிசையாக அடுக்கிய கிளிக்கர்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னக் கருவி. ஏ, பி, சி என்று பட்டன்கள். கேள்வி திரையில் வரும். ஒவ்வொரு மாணவரும் தன் பதிலை அழுத்துவார். யார் என்ன சொன்னார்கள் என்று வகுப்புக்குத் தெரியாது. எத்தனை பேர் என்ன சொன்னார்கள் என்பது மட்டும் கம்பம் கம்பமாகத் திரையில் எழும். வாலு கேட்டதால்தான் கல்லூரி இதை ஒரு பருவம் பார்க்கலாம் என்று வாங்கிவைத்திருந்தது. வைத்துக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா என்று முதல்வர் இன்றைக்கு முடிவு செய்வார். பெட்டி போனால் அதைக் கொண்டுவந்தவளும் போகவேண்டியிருக்கும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரியும்.

"இந்தா, புது பேட்டரி" என்று அண்ணி ஒரு பொட்டலத்தை மேஜைமேல் வைத்தாள். மருந்துக்கடையில் மருந்தாளுநர் அவள். வெள்ளைக் கோட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டே பேசினாள். "நடுவுல செத்துப்போச்சுன்னா உங்கண்ணன் ஒரு வருஷத்துக்குச் சொல்லிக் காட்டுவார்."

"ஒரு வருஷமா? நான் ரிட்டயர் ஆகுற வரைக்கும் சொல்லுவேன்" என்றார் அண்ணன், ஷூ லேஸைக் கட்டியபடி. "பாடம்னா என்ன வாலு? கண்ணைப் பார்க்கணும். முகத்தைப் பார்க்கணும். புரிஞ்சுதா இல்லையான்னு முகம் சொல்லிடும். அதுக்கு ஒரு பட்டன் வேணுமா?"

"முகம் பொய் சொல்லாதா அண்ணா?"

"எங்கிட்டயா?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

மகள் தட்டில் இருந்ததை அளைந்துகொண்டிருந்தாள். கல்லூரி முதல் வருஷம் வந்தும் வீட்டில் அவள் பாப்பாதான். அப்பாவின் வகுப்பில்தான் படிக்கிறாள். வகுப்பில் அவரை 'சார்' என்றுதான் கூப்பிடவேண்டும் என்பது முதல் நாளே போட்ட ஒப்பந்தம்.

அப்பா வண்டியை எடுக்கப் போனதும் அவள் மாடிப்படி அருகே அத்தையின் கையைப் பிடித்தாள்.

"அத்தை, யார் எதை அழுத்தினாங்கன்னு அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"உங்களுக்கு?"

"கம்ப்யூட்டர்ல நம்பர் இருக்கும். எந்த நம்பர் யார் கையில இருக்குன்னும் இருக்கும். நான் பார்க்கமாட்டேன். யாருக்கும் காட்டவும் மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. ஏன் பாப்பா கேக்குற?"

"சும்மா" என்றாள் பாப்பா. சும்மா கேட்டவள் முகம் இப்படியா இருக்கும்? வாலு கேட்பதற்குள் வெளியே ஹார்ன் அடித்தது.

பெரிய வகுப்பறை அது. படிப்படியாக உயரும் பெஞ்சுகள், கீழே நீள மேஜை, பின்னால் கரும்பலகை, அதன் பக்கத்தில் வெள்ளைத் திரை. இன்றைக்கு மேஜைமேல் ஒரு காலி மீன்தொட்டியும் இருந்தது. விலங்கியல் துறையில் கெஞ்சி வாங்கி வந்தது. வாலு அதில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, ஒரு துணியால் மூடிவைத்திருந்தாள்.

கடைசி வரிசையில் முதல்வர் வந்து உட்கார்ந்தார். வணிகவியல் படித்தவர். எதைப் பார்த்தாலும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டுதான் பார்ப்பார். அவர் கையிலும் ஒரு கிளிக்கர் கொடுக்கப்பட்டது.

"நானுமா?"

"நீங்களும்தான் சார். சும்மா உட்கார்ந்திருந்தா போரடிக்கும்."

பெஞ்சுகளில் அடக்கிய சிரிப்பு.

முதலில் அண்ணன் பாடம் நடத்தினார். ஒரு வாரமாக ஓடிக்கொண்டிருக்கும் மிதத்தல் பாடத்தின் கடைசிப் பகுதி. நடத்தினார் என்றால் சாதாரணமாகவா? கப்பல் வந்தது, பனிப்பாறை வந்தது, குளத்தில் குதித்தவனின் வயிறு வந்தது. மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான நீரை விலக்கும் என்று அவர் சொன்னபோது ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. வாலுவே ஒரு நிமிஷம் தன் பெட்டியை மறந்து வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். இந்தக் குரலைக் கேட்டுத்தானே அவளும் இயற்பியல் படிக்க வந்தாள்?

கடைசியில் சாக்பீஸை வைத்துவிட்டு அவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்!"

ஒரே குரல். அண்ணன் தங்கையைப் பார்த்தார். 'போதுமா?' என்றது அந்தப் பார்வை.

வாலு துணியை எடுத்தாள்.

தொட்டித் தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் மிதந்தது. அதற்குள் ஒரு இரும்பு எடைக்கல். கிண்ணம் விளிம்பு வரை அமிழ்ந்து, இதோ மூழ்கிவிடுவேன் என்பதுபோல் நின்றது. தண்ணீர் மட்டத்தில், கண்ணாடியின் வெளிப்பக்கம், வாலு சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டாள்.

"கேள்வி இதுதான். கிண்ணத்துல இருக்கற எடைக்கல்லை எடுத்து நேரா தண்ணியில போடப்போறேன். கல்லு அடியில போய் உட்கார்ந்துக்கும், கிண்ணம் காலியா மிதக்கும். இப்ப தண்ணி மட்டம் என்ன ஆகும்? ஏ, கோட்டுக்கு மேல உயரும். பி, மாறாது. சி, கோட்டுக்குக் கீழ இறங்கும். யாரும் யார்கிட்டயும் பேசக்கூடாது. யார் எதை அழுத்தினாங்கன்னு நான் காட்டமாட்டேன். யோசிங்க, அழுத்துங்க."

அண்ணனுக்கு முகம் மலர்ந்தது. இதற்கான பதில் அவர் இப்போது நடத்திய பாடத்திலேயே இருக்கிறதே! கைகளைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்தார்.

திரையின் மூலையில் பதில்கள் வந்த கணக்கு ஓட ஆரம்பித்தது. அறை இவ்வளவு அமைதியாக இருந்து யாரும் பார்த்ததில்லை. வழக்கமாக மேஜைக்கு அடியில் போன் நோண்டும் பின்வரிசைக் கூட்டம்கூடத் தொட்டியையே முறைத்துக்கொண்டிருந்தது. ஒருத்தன் அழுத்திவிட்டு, தலையைச் சொறிந்து, மறுபடி மாற்றி அழுத்தினான்.

"எல்லாரும் போட்டாச்சா? பார்க்கலாமா?"

"பார்க்கலாம்!" என்றார்கள். குரலில் கிரிக்கெட் மைதானத்துச் சத்தம்.

வாலு பட்டனைத் தட்டினாள். திரையில் மூன்று கம்பங்கள் எழுந்தன.

ஏ உயரமாக. பி அதைவிட உயரமாக. சி, தரையோடு தரையாக, தடுக்கி விழுந்ததுபோல்.

அண்ணன் சுவரிலிருந்து நிமிர்ந்தார்.

"இது என்ன? மெஷின்ல ஏதோ கோளாறு."

"கோளாறு இல்ல அண்ணா... சார்."

"இப்பத்தானே நடத்தினேன்? இப்பத்தானே புரிஞ்சுதுன்னாங்க? ஒரு வாரமா கத்திக்கிட்டிருக்கேனே!" அவர் பெஞ்சுகளைப் பார்த்தார். எல்லா முகமும் அவருக்கு நன்றாகத் தெரிந்த முகம். எல்லாம் தலையாட்டிய முகம். "யாரு ஏ போட்டது? யாரு பி போட்டது? கை தூக்கு!"

ஒரு கைகூட எழவில்லை.

"அந்த நம்பரையெல்லாம் காட்டு" என்றார் தங்கையிடம்.

கடைசி வரிசையிலிருந்து முதல்வரின் குரல் வந்தது. "சிஸ்டத்துல பேர் இருக்குமே மேடம்? காட்டுங்களேன். எந்தப் பையன் பாடத்தைக் கவனிக்கலைன்னு நமக்கும் தெரியட்டும். இதுக்குத்தானே இதை வாங்கினோம்?"

வாலுவின் விரல் மவுசின்மேல் இருந்தது. ஒரு தட்டு தட்டினால் போதும். பெயரெல்லாம் திரையில் கொட்டும். அவள் மேலே பார்த்தாள். நான்காவது வரிசையில் பாப்பா குனிந்து தன் கையில் இருந்த கிளிக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கு சார். காட்டமாட்டேன்."

"என்னது?"

"காட்டமாட்டேன்னு பசங்ககிட்ட சொல்லியிருக்கேன். காட்டினா, நாளைக்கு யாரும் நிஜமான பதிலை அழுத்தமாட்டாங்க. நல்லாப் படிக்கற பொண்ணு என்ன அழுத்துறான்னு எட்டிப் பார்த்து அதையே அழுத்துவாங்க. அப்புறம் இது வெறும் பொம்மை சார்."

முதல்வர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். "இந்தப் பொம்மை இருக்கணுமா வேண்டாமான்னு இன்னிக்கு நான்தான் சொல்லணும். ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு சார்" என்றாள் வாலு. மவுசின்மேல் இருந்த கையை எடுத்துவிட்டாள்.

அப்போது நான்காவது வரிசையில் பெஞ்சு கிறீச்சிட்டது.

"நான் ஏ போட்டேன்ப்பா."

பாப்பா எழுந்து நின்றிருந்தாள். ஒப்பந்தம் மறந்துபோய் அப்பா என்றே சொல்லிவிட்டாள். யாரும் சிரிக்கவில்லை.

"நீயா?" என்றார் அண்ணன். "நேத்து வீட்டுல கேட்டேனே. புரிஞ்சுதுன்னியே?"

"எப்பவும் அப்படித்தான் சொல்லுவேன். நீங்க அவ்வளவு சந்தோஷமா சொல்லிக்கிட்டிருப்பீங்க. புரியலைன்னு சொன்னா உங்க முகம் வாடிடும். அதைப் பார்க்க முடியாதுப்பா."

இடி சார் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

பாப்பாவுக்கு இரண்டு பெஞ்சு தள்ளி இன்னொரு பையன் எழுந்தான். "எனக்கும் புரியல சார். கதை நல்லா இருந்துச்சு. ஆனா கப்பலைத் தாண்டி ஒண்ணும் ஏறல." அவன் பக்கத்தில் கண்ணாடி போட்ட பெண் எழுந்தாள். வகுப்பின் முதல் மதிப்பெண்காரி. "நான் பி போட்டேன் சார். ஃபார்முலா தெரியும். இதுக்கு எப்படிப் போடறதுன்னு தெரியல." அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெஞ்சுகள் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தன.

அண்ணன் மெதுவாகக் கையைத் தட்டிச் சாக்பீஸ் தூளை உதறினார்.

"உட்காருங்க. எல்லாரும் உட்காருங்க." இப்படி ஒரு தணிந்த குரல் அவரிடம் இருப்பதே பலருக்குத் தெரியாது. அவர் தங்கை பக்கம் திரும்பினார். "அடுத்து என்ன பண்ணணும், வாலு?"

வகுப்பு ஒரு கணம் விழித்தது. பிறகு வெடித்துச் சிரித்தது. "வாலு மேடம்!" என்று பின்வரிசையில் ஒருத்தன் மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். இந்தப் பெயர் இனி இந்தக் கல்லூரியை விட்டுப் போகாது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. போகட்டும்!

"இப்ப பக்கத்துல இருக்கறவங்களோட பேசுங்க" என்றாள். "நீங்க போட்ட பதில் ஏன் சரின்னு அவங்களை நம்பவைக்கணும். சண்டை போடலாம். சத்தம் போடலாம். அடிக்கக்கூடாது. அவ்வளவுதான்."

அப்புறம் அணை திறந்ததுபோல் ஆரம்பித்தது சத்தம்.

அண்ணன் படியேறி நான்காவது வரிசைக்குப் போனார். "கொஞ்சம் தள்ளு" என்று மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தப் பெஞ்சில் மாணவனாக உட்கார்ந்தது எத்தனை வருஷத்துக்கு முன்பு? முழங்கால் இடித்தது.

"ஏன் ஏ போட்ட? சொல்லு."

"தண்ணியில கல்லு போட்டா தண்ணி ஏறும்ல?"

"அதான் இல்ல, பாரு—"

"சார்!" கீழேயிருந்து வாலு கத்தினாள். "சொல்லக்கூடாது! கேக்க மட்டும்தான் செய்யணும்!"

அண்ணன் கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். சுற்றியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் அவர் நிஜமாகவே பொத்திக்கொண்டிருந்தார். பதில் நாக்கு நுனியில் நின்று துடிக்க, அதை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று இன்றைக்குத்தான் தெரிந்தது அவருக்கு.

"ஏறாதுடி" என்றாள் கண்ணாடிப் பெண், இரண்டு பெஞ்சு முன்னாலிருந்து திரும்பி. "கல்லு முதல்லேருந்தே தொட்டிக்குள்ளதான் இருக்கு. கிண்ணத்துல இருந்தா என்ன, அடியில இருந்தா என்ன? மாறாது."

"தொட்டிக்குள்ள இருக்கு. தண்ணிக்குள்ளயா இருக்கு?"

"கிண்ணம் தண்ணியைத் தள்ளுதுல்ல?"

"அதான். கிண்ணம் எவ்வளவு தள்ளுது?" பாப்பா தொட்டியைப் பார்த்தாள். கழுத்து வரை அமிழ்ந்து நிற்கும் கிண்ணத்தைப் பார்த்தாள். அதற்குள் கிடக்கும் சின்ன, கறுத்த இரும்புக் கல்லைப் பார்த்தாள். பேச்சு நின்றுவிட்டது.

"என்ன?" என்றாள் கண்ணாடிப் பெண்.

"இரு, இரு... கிண்ணம் இவ்வளவு கீழ இறங்கினது எதனால? கல்லோட கனத்தால. கல்லை எடுத்துட்டா கிண்ணம் ஜிவ்வுனு மேல வந்துடும். அது தள்ளி வச்சிருந்த தண்ணி எல்லாம் திரும்பி வந்துடும். அவ்வளவு தண்ணி! ஆனா கல்லு உள்ள போய் எவ்வளவு தண்ணியைத் தள்ளும்? அதோட உருவத்துக்கு மட்டும்தான். அது இத்தனூண்டுதான் இருக்கு!"

கண்ணாடிப் பெண்ணின் வாய் திறந்து அப்படியே நின்றது. "அப்ப... இறங்குமா?"

"இறங்கும்டி! இறங்கும்!"

பாப்பா பெஞ்சில் அடித்தாள். அப்பாவின் பக்கம் திரும்பினாள். அவர் கைக்குட்டையை வாயில் வைத்தபடியே இருந்தார். கண்கள் மட்டும் கலங்கி, சிரித்துக்கொண்டிருந்தன. ஒரு வாரமாக அவர் இடியாய் முழங்கிய விதி. மகள் அதில் ஒரு வார்த்தையைக்கூடப் பயன்படுத்தாமல், முழுசாகத் தானே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டாள்.

"இறங்கும்" என்ற சொல் பெஞ்சு பெஞ்சாகத் தாவியது. சில இடங்களில் தானாகவே முளைத்தது. சில இடங்களில் "முடியவே முடியாது" என்று மோதித் திரும்பியது. பின்வரிசையில் ஒருத்தன் தண்ணீர் பாட்டில் மூடியையும் சாவிக்கொத்தையும் வைத்துக்கொண்டு விளக்கிக்கொண்டிருந்தான். அவனைச் சுற்றி ஒரு கூட்டம். அவர்களோடு சேர்ந்து கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார் முதல்வர்.

"போதும்! மறுபடி அழுத்துங்க!"

கணக்கு முதல் தடவையைவிட வேகமாக ஓடியது. வாலு திரையைத் திறந்தாள்.

சி எழுந்தது. எழுந்துகொண்டே போனது. மற்ற இரண்டும் அதன் காலடியில் சுருங்கிக் கிடந்தன. ஏ கிட்டத்தட்டக் காணாமலே போயிருந்தது. பி-யில் மட்டும் ஒரு குட்டிக் கம்பம், விடாப்பிடியாக.

"ஓ!" என்று ஒரு கூச்சல்.

"கத்தாதீங்க. ஓட்டுப் போட்டா மட்டும் தண்ணி கேட்டுடுமா?" என்றாள் வாலு. "பாப்பா... அந்த நாலாவது வரிசைப் பொண்ணு, கீழ வாங்க. நீங்களே போடுங்க."

பாப்பா இறங்கி வந்தாள். இரும்புக் கல்லை எடுத்தாள். எடுத்த மாத்திரத்தில் கிண்ணம் துள்ளி மேலே வந்தது. தண்ணீர் மட்டம் சரேலென்று இறங்கியது. "இரு, இன்னும் கல்லு போடல" என்று யாரோ கத்தினார்கள். எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். முன்வரிசைக்காரர்களின் முதுகில் பின்வரிசைக்காரர்கள் தொங்கினார்கள்.

அவள் கல்லை மெதுவாகத் தண்ணீருக்குள் இறக்கி, அடியில் வைத்துவிட்டுக் கையை எடுத்தாள். தண்ணீர் கொஞ்சம் ஏறியது. இன்னும் கொஞ்சம் ஏறுமா? அலை அடங்கியது. நின்றது.

சிவப்புக் கோட்டுக்கு நன்றாகக் கீழே.

அந்தக் கட்டடத்தில் அப்படி ஒரு சத்தம் அதற்குமுன் எழுந்தது விளையாட்டு விழா அன்றைக்குத்தான். பக்கத்து வகுப்பு ஆசிரியர் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தார், ஏதோ விபத்து என்று. "ஒண்ணுமில்ல சார், தண்ணி இறங்கிடுச்சு!" என்று ஒரு பையன் அவரைக் கட்டிப்பிடித்தான்.

அண்ணன் பெஞ்சின்மேல் ஏறி நின்று கை தட்டிக்கொண்டிருந்தார்.

சத்தம் அடங்கியதும் முதல்வர் படியிறங்கி வந்தார். தொட்டியின் அருகே குனிந்து, கோட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"அந்தக் குட்டிக் கம்பம்" என்றார்.

"எந்தக் கம்பம் சார்?"

"ரெண்டாவது தடவையும் பி-யில நின்னுச்சே, அதுல நானும் இருக்கேன்." முதல்வரின் உதட்டோரம் துடித்தது. "நல்லவேளை மேடம், பேரைக் காட்டமாட்டேன்னு நின்னீங்க."

பிறகு வந்த சிரிப்பில் அவரும் சேர்ந்துகொண்டார். சிரித்து முடித்ததும் அவர் சொன்னதுதான் யாரும் எதிர்பாராதது. "பெட்டி இங்கயே இருக்கட்டும். மேடமும் இருக்கட்டும். இந்த கிளாஸ் ரொம்பப் பெருசு. ரெண்டாப் பிரிச்சுடலாம்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். திங்கட்கிழமையிலேருந்து ஒரு செக்‌ஷன் சாருக்கு, ஒரு செக்‌ஷன் மேடத்துக்கு. யாருக்கு எது வேணுமோ, பசங்களே சொல்லட்டும். பட்டன்தான் இருக்கே!"

எல்லோரும் மறுபடி கை தட்டினார்கள். அண்ணனும் தட்டினார். ஆனால் ஒரு நொடி தாமதமாகத் தட்டினார். வாலு அதைக் கவனித்தாள். பாப்பாவும் கவனித்தாள்.

சாயங்காலம் அண்ணி கடையிலிருந்து வந்தபோது சாப்பாட்டு மேஜையில் தட்டுகளுக்குப் பதில் லேப்டாப் இருந்தது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். தொட்டி, கல்லு, முதல்வர், கைக்குட்டை எல்லாம் கலந்து வந்ததில் அவளுக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியே அவள் முகத்தைப் பிரகாசமாக்கியது.

"நீங்க வாயைப் பொத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்களா? நிஜமாவா? யாராவது போட்டோ எடுத்தாங்களா?"

"கேலி அப்புறம் பண்ணிக்கோ. உட்காரு" என்றார் அண்ணன். ஆளுக்கொரு கிளிக்கர் கையில் வைத்தார். "இன்னிக்கு நான் ஒரு கேள்வி கேக்கப்போறேன். என் முதல் கேள்வி. பாப்பா திங்கட்கிழமை எந்த செக்‌ஷனுக்குப் போகணும்? ஏ, எங்கிட்ட. பி, அவ அத்தைகிட்ட."

"அண்ணா, இது வேண்டாமே" என்றாள் வாலு.

"ஏன் வேண்டாம்? பேர் தெரியாதுல்ல?"

"எனக்கு எதுக்கு இது?" என்றாள் அண்ணி, கிளிக்கரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து.

"நீயும் இந்த வீட்டுலதானே இருக்க?"

"இருபது வருஷமா இருக்கேன். இன்னிக்குத்தான் ஓட்டு கிடைச்சிருக்கு."

சிரித்துக்கொண்டே அழுத்தினார்கள். அண்ணன் திரையைத் திறந்தார்.

இரண்டு கம்பங்கள். தோளோடு தோள். ஏ இரண்டு, பி இரண்டு.

சிரிப்பு நின்றது.

வாலு அழுத்தியது ஏ. அது அவளுக்குத் தெரியும். பக்கத்தில் அண்ணனின் கட்டைவிரல் பி-யின்மேல் போனதை அவள் பார்க்காமல் இருக்க முயன்றும் பார்த்துவிட்டாள். அப்படியானால் மிச்சம் இரண்டு பேர், ஆளுக்கொரு பக்கம். அண்ணி எந்தப் பக்கம்? பாப்பா எந்தப் பக்கம்?

"நான் எதைப் போட்டேன்னு சொல்லிடறேன்" என்றார் அண்ணன். "பி. எங்கிட்ட இருந்தா, என் முகம் வாடிடுமேன்னு இவ மறுபடியும் தலையாட்ட ஆரம்பிச்சிடுவா. அத்தைகிட்ட போனா வாயைத் திறந்து கேப்பா."

"நான் ஏ" என்றாள் வாலு உடனே. "இவ புரியலைன்னு எழுந்து நின்னு சொன்னது யார்கிட்ட அண்ணா? எங்கிட்டயா? உன்கிட்ட. உன்கிட்டயே சொல்ல முடிஞ்சவ, இனிமே எதுக்கு ஓடணும்?"

அண்ணன் மகளைப் பார்த்தார். அண்ணி மகளையும் பார்க்கவில்லை, கணவரையும் பார்க்கவில்லை. கிளிக்கரின் விளிம்பை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். மருந்துச் சீட்டில் கையெழுத்து புரியாதபோது கடையில் அவள் நிற்கிற மாதிரி ஒரு நிதானம்.

பாப்பா இரண்டு கம்பங்களையும் வெகுநேரம் பார்த்தாள்.

"அப்பா, இன்னொரு தடவை கேளுங்க" என்றாள். "நான் மாத்தி அழுத்தப்போறேன்."

"எதுலேருந்து எதுக்கு?" என்று வாய் வரை வந்ததை அண்ணன் விழுங்கினார்.

"நானும்தான்" என்றாள் அண்ணி, தலை நிமிராமல்.

அண்ணன் திரையை அழித்தார். யார் விரலும் யாருக்கும் தெரியாதபடி நான்கு கைகளும் மேஜைக்கு அடியில் போயின.